சாமிக்கு ஒரு பலகை

போன புரட்டாசியில் என் நாத்தனார் செண்பகவல்லி சொன்ன கதை இது.

காலியாய்க் கிடந்த வாடகை வீட்டைப் புதுப்பித்து, கூடத்தில் பெரிய சரவிளக்கு மாட்டினார்கள். அலமாரியிலிருந்து கழற்றிய பழைய பலகை, வெந்நீர் அடுப்புக்குப் போகக் காத்திருந்தது.

“என் அழகுக்கே ஆள் வரும். நீ அடுப்புக்குக் கிளம்பு, தாத்தா” என்றது விளக்கு.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும், “சாமி படம் எங்கே வைக்கிறது?” என்று கேட்டார்கள்.

“சுவரில் ஆணி அடிக்கக் கூடாது” என்றார் வீட்டுக்காரர். அவர்கள் போய்விட்டார்கள்.

கடைசியில் அவரே அந்தப் பலகையைச் சமையலறை மூலையில் அடித்தார். ஆவணியில் ஒரு குடும்பம் வந்து பால் காய்ச்சியது. பலகைமேல் அகல் எரிந்தது.

“என்னைப் போடவே இல்லையே” என்றது சரவிளக்கு.

“கரண்டு பில்லுக்குப் பயப்படுறாங்க, பேராண்டி. விருந்தாளி வரட்டும்” என்றது பலகை.

நீங்களும் வீடு வாடகைக்கு விட்டால், சாமிக்கு ஒரு பலகை அடித்துக் கொடுங்கள்.