இரண்டாவது வாசல்

"அறுபத்தோரு வீட்டுக்காரங்க கையெழுத்துப் போட்டாச்சுங்கய்யா. பாக்கி நீங்க ஒருத்தர்தான்."

சூரியபிரகாஷ் மனுவைப் பெட்டிக்கடைப் பலகையில் விரித்து வைத்தான். விளாங்குடியில் அந்தக் காலனிக்குப் போக வர ஒரே வாசல்தான். வாசலை ஒட்டி நல்லகாமனின் கடை. பின்பக்கச் சுவரை இடித்து இன்னொரு பாதை விடச் சொல்லித்தான் இந்த மனு. குடிவந்து ஆறு மாதம்கூட ஆகாத சூரியபிரகாஷைச் சங்கச் செயலாளராக்கி, இந்த வேலையை அவன் தலையில் கட்டியிருந்தார்கள்.

"ஒரு வாசல் போதும் தம்பி."

"எப்படிங்கய்யா போதும்? சிவபாண்டி அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்தன்னைக்கு, தண்ணி லாரி இந்த வாசல்ல நின்னுபோயி ஆம்புலன்ஸ் உள்ள வர முடியல. நீங்களும் இங்கதான இருந்தீங்க?"

"இருந்தேன். லாரியத் தள்ளுனதுல நானும் ஒரு ஆளு." பெரியவரின் குரல் இறங்கியது. "நல்ல மனுசன். போயிட்டாரு."

"அப்புறமும் மாட்டேங்கிறீங்களே! அந்தப் பக்கம் வழி விட்டா கடை யாவாரம் படுத்துரும்னு எல்லாரும் பேசுறாங்க."

"பேசட்டும்."

சூரியபிரகாஷுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வாயைத் திறப்பதற்குள், காலனிக்குள்ளிருந்து ஓர் அம்மா விறுவிறுவென்று வந்தார். எழுபது வயதிருக்கும். எண்ணெய் வைத்து வாரிய தலை, இடுப்பில் துணிப்பை.

"அண்ணே, பரவை பஸ்ஸு போயிருச்சா?"

நல்லகாமன் எழுந்து நின்றார். "இப்பத்தான் போகுது தாயி. செத்த உக்காரு."

"ஐயையோ, அவரு அங்க ஸ்டாப்புல நிப்பாரே! கல்யாணமாகி இன்னும் ஒரு மாசங்கூட ஆகல. கோவிச்சுக்கிட்டாருன்னா?"

சூரியபிரகாஷ் ஒரு கணம் விழித்தான். பிறகு புரிந்தது. தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலை அவர் பக்கம் நகர்த்தினான்.

"உக்காருங்கம்மா. அடுத்த பஸ்ஸ நானே கைகாட்டி நிறுத்துறேன். அதெல்லாம் கோவிக்க மாட்டாரு."

அந்த அம்மாவின் முகம் தெளிந்தது. உட்கார்ந்து வெளியே பார்த்தார். திண்டுக்கல் ரோட்டில் லாரிகள் இரைந்துகொண்டு போயின.

"எம்புட்டு வயலு! நடவு முடிஞ்சிருச்சு போல?"

"ஆமா தாயி. இந்த வருசம் கம்மாயில நல்ல தண்ணி," என்றார் நல்லகாமன்.

"மறுவீடு வந்தப்ப இந்த வரப்புலதான் வழுக்கி விழுந்தேன். அவரு சிரிக்கல அண்ணே. தூக்கிவிட்டு, 'யாரும் பாக்கல, வா'ன்னாரு. பரவை வரைக்கும் எஞ் செருப்பையும் அவரே கையில தூக்கிட்டு வந்தாரு. அப்பயே நெனச்சேன், இந்தாளு நம்மள வச்சுக் காப்பாத்திருவாருன்னு."

"ஆளு எப்பிடி இருப்பாரு?"

நல்லகாமனை மேலும் கீழும் பார்த்துவிட்டு அந்த அம்மா களுக்கென்று சிரித்தார். "ஒங்கள மாதிரி கெழவர் இல்லண்ணே. சுருட்ட முடி, கருத்த மீச."

பெரியவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு எதற்காக வந்தோம் என்பதே மறந்தவர்போல அந்த அம்மா எழுந்தார்.

"நாளைக்கு வாரேண்ணே. அவரப் பாத்தா சொல்லிருங்க."

"சொல்றேன் தாயி. பாத்துப் போ."

காலனிக்குள் மெல்ல நடந்து போகிறவரையே சூரியபிரகாஷ் பார்த்துக்கொண்டு நின்றான்.

"பாவங்கய்யா. இவ்வளவு பெரிய ரோட்டுப் பக்கம் இப்படித் தனியா விட்டுட்டாங்களே! வீட்டுல பாத்துக்க ஆளில்லையா?"

நல்லகாமன் அவன் முகத்தையும், காலியாகிவிட்ட அந்த ஸ்டூலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பேனாவை வாங்கி, அறுபத்திரண்டாவது இடத்தில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

"புது வாசல்லயும் ஒரு ஆளப் போடுங்க தம்பி. ஒங்கள மாதிரி பதமாப் பேசுறவரா இருக்கட்டும். ரெண்டு வாசல்லயும் நான் ஒருத்தனே உக்கார முடியாதுல்ல?"

சொல்லிவிட்டுக் கடையை இழுத்துப் பூட்டினார். பத்தடி தள்ளி, சத்தம் காட்டாமல், தன் மனைவியின் பின்னால் நடக்கத் தொடங்கினார்.