நனைந்த பிளக்

இஞ்சினில் மாட்டிய அழுத்த மீட்டரின் முள் எழுந்திருக்க மனமில்லாமல் ஒருமுறை துடித்தது. பிறகு படுத்துவிட்டது.

காரை வாங்க வந்த ஹரேந்திரன் அதன் ஜன்னல் வழியாகக் கைவிட்டு மறுபடியும் சாவியைத் திருப்பினான். முள் அசையவில்லை.

வண்டியைச் சோதிக்க அவன் கூட்டிவந்த போர்மேன் குணாளன் நிமிர்ந்தார். "உள்ள காத்தே நிக்கல தம்பி. இஞ்சின் போச்சு."

காரின் சொந்தக்காரர் சுவரில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். தன் காரைப் பிணம் என்கிறார்கள், கோபம் வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

நேற்று மாலைகூடத் தொட்டதும் கிளம்பிய வண்டி. இரண்டு கதவு, ரோட்டரி இஞ்சின். கிள்ளானில் அப்படியொன்று அவரிடம்தான் இருக்கிறது என்று பதினாறு வருஷமாய் அலட்டிக்கொண்டவர்.

நெஞ்சைத் திறந்து தைத்து நான்கு மாதம் ஆகிறது. இனி ஓட்டலாம், ஒன்றும் பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருக்குத்தான் எல்லாம் அலுத்துவிட்டது.

முதலில் தூண்டில்களைக் கொடுத்தார். பிறகு பூப்பந்து மட்டைகளை. போன வாரம் நல்ல சட்டைகளை. ஊரைக் காலி செய்கிறவர் போல ஒவ்வொன்றாய் ஒழித்துக்கொண்டு வந்தார்.

மிச்சம் இந்தக் கார்தான்.

மனைவி தவமணி எதற்கும் ஒரு வார்த்தை தடுக்கவில்லை. அவளுக்கும் அலுத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

குணாளன் கழற்றிவைத்த ஸ்பார்க் பிளக்கைத் திரும்ப மாட்ட எடுத்தார். அது பெட்ரோலில் நனைந்து சொட்டியது.

அவர் சுவரை விட்டு நகர்ந்தார்.

இந்த இஞ்சினைக் கிளப்பி, சூடேறும் முன்பே அணைத்தால் உள்ளே பெட்ரோல் தேங்கிவிடும். அப்புறம் செத்ததுபோலக் கிடக்கும். கார் வந்த முதல் வாரமே தவமணிக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. அன்றிலிருந்து அவள்தான் காவல். தெரியாமல் இரண்டடி நகர்த்தி அணைத்ததற்காகச் சொந்த அண்ணனையே நடுத்தெருவில் வைத்து வாங்கு வாங்கென்று வாங்கியவள்.

"கடைசியா நீங்க ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க, அங்கிள்," என்றான் ஹரேந்திரன்.

உட்கார்ந்தார். முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்தது.

இருக்கை முன்னால் இழுபட்டிருந்தது. தவமணியின் குட்டைக் கால்களுக்கு எட்டும் அளவுக்கு.

தலையைத் திருப்பினார். அடுப்படி ஜன்னலில் அவள் நின்றிருந்தாள். கையில் கரண்டி. முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

பதினாறு வருஷத்தில் அவள் ஒருநாளும் செய்யாத தப்பு.

எழுப்பும் வழி அவருக்குத் தெரியும். ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்ப வேண்டும். தேங்கியதெல்லாம் வெளியேறி, கொஞ்ச நேரத்தில் வண்டி உறுமும். ஹரேந்திரன் இன்றைக்கே எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

பெடலில் கால் வைத்தார்.

மெல்ல எடுத்தார்.

சாவியை மட்டும் திருப்பினார். இஞ்சின் முனகி அடங்கியது.

"வேற வண்டி பாருங்க, தம்பி."

அவர்கள் கருவிகளைப் பொறுக்கிக்கொண்டு கிளம்பினார்கள். தெருமுனை திரும்பும்வரை அவர் இறங்கவில்லை. ஜன்னலிலும் யாரும் நகரவில்லை.

அடியில் கைவிட்டு, இருக்கையைத் தன் கால் நீளத்துக்குப் பின்னால் தள்ளினார்.

ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தார்.