வலப்பக்கத்து வெளிச்சம்

"மறுபடியும் லைட்டை வலது பக்கம் உச்சியில ஏத்திட்டீங்களா? கொஞ்சம் இறக்குங்க" என்றார் பத்ரி.

"இந்த உசரம்தான் சார் வேணும்" என்ற பவதாரிணி, கைபேசியை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, விளக்கை இன்னும் ஒரு சாண் ஏற்றினாள்.

கீழக்குயில்குடியில், சமணர் மலை அடிவாரத்துப் பழைய வீடொன்றில் இரண்டு நாள் புகைப்பட வகுப்பு. ஸ்டூடியோ விளக்குகளை எப்படி வைப்பது என்று பத்ரி சொல்லிக்கொடுத்தார். மற்றவர்கள் சமர்த்தாக விளக்குக்கு வெள்ளைத் துணி கட்டி, முகத்தில் நிழல் உறுத்தாமல் எடுத்துப் பழகினார்கள். இடைவேளையில் மலையேறிச் சிற்பங்களைப் பார்த்துவிட்டு வந்தார்கள். பவதாரிணி டீ குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. நேற்று முழுக்க உடன் படித்த தீப்தியை நிற்கவைத்துப் பாடாய்ப் படுத்தியவள், இன்று விளாங்குடியிலிருந்து தன் அம்மா சோணையம்மாளையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

சோணையம்மாள் மடிப்புக் கலையாத கத்தரிப்பூ நிறப் பட்டுச்சேலையில் நின்றாள். முகத்தில்தான் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"எம்புட்டு நேரம் நிக்கிறது? பெட்டியில கெடந்த சேலையை உடுத்தச் சொல்லி இழுத்துட்டு வந்துட்டா. எம் மூஞ்சிய எடுத்து என்ன செய்யப்போற?"

"இந்தா முடிஞ்சிருச்சும்மா. வலது கையை நெஞ்சுக்கு மேல தூக்கு. விரலைக் குவிச்சுக்க. இடது பக்கம் கீழ பாரு."

"வெறுங்கையைத் தூக்கிக்கிட்டு யாருமில்லாத எடத்தைப் பாக்கணுமாம். பாக்குறவுக என்ன நெனப்பாக?"

பாக்குறவுக ஏற்கெனவே நினைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். தீப்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

எடுத்த படத்தை பத்ரி எட்டிப் பார்த்தார். "நெத்தி பளபளன்னு மின்னுது. மூக்கு நிழல் கன்னத்துல கோடு போடுது. கல்யாண மண்டபத்துல வீடியோக்காரர் அடிக்கிற லைட் மாதிரியே இருக்கு. இதை மறக்கத்தானே இங்க வந்திருக்கோம்?"

இரண்டு நாளில் முதல்முறையாக பவதாரிணியின் முகம் மலர்ந்தது. "அப்படியே இருக்கா சார்?"

பத்ரிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. திட்டினால் சந்தோஷப்படும் மாணவியை அவர் இப்போதுதான் பார்க்கிறார்.

"ஏதாவது போட்டிக்கு அனுப்பப் போறீங்களா?"

"நாளைக்கு பிரிண்டுக்குப் போகுது சார். இன்னிக்கு விட்டா அப்புறம் எப்பவுமே முடியாது." மறுபடியும் அம்மாவிடம் திரும்பினாள். "கை சரியா இருக்கும்மா. கண்ணுலதான் சிரிப்பு வரல. இன்னும் ஒண்ணே ஒண்ணு."

"சிரிக்கிறதுக்கு இங்க என்ன இருக்கு? பஸ்ஸு போயிரும், நான் போறேன்" என்று சோணையம்மாள் நகர்ந்தேவிட்டாள்.

பவதாரிணி அழுதுவிடுவாள்போல் இருந்தது. பத்ரிக்கே மனசு கேட்கவில்லை. "என்னதான் வேணும் உங்களுக்கு? சொன்னா நானே லைட் வச்சுத் தர்றேன்."

அவள் கைபேசியை நீட்டினாள். மணமேடையில் மாலையும் கழுத்துமாக பவதாரிணி. வலப்பக்கத்து உச்சியிலிருந்து வீடியோ வெளிச்சம். சுற்றிலும் அத்தனை சொந்தமும் கையை ஓங்கி அட்சதை போட்டுக்கொண்டிருந்தது. மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் மட்டும் ஓர் ஆள் நிற்கிற இடம் காலி.

"தாலி கட்டுறப்ப எங்கம்மா சமையக்கட்டுல நின்னுருச்சு சார். புருசன் இல்லாதவ மேடைக்கு வரக்கூடாதுன்னு அதுவா ஒதுங்கிருச்சு. நாளைக்கு ஆல்பம் பிரிண்டுக்குப் போகுது. இந்த எடத்துல அதைச் சேக்கணும். வெளிச்சம் ஒத்துப்போகலைன்னா ஒட்டுனது தெரிஞ்சிரும்."

வாசல்வரை போயிருந்த சோணையம்மாள் திரும்பி வந்து, கைபேசியை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். பிறகு யாரும் சொல்லாமலே விளக்கின் முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"தம்பி, வெறுங்கையா வேணாம். கொஞ்சம் மஞ்சளரிசி கெடைக்குமா?"