திறந்தது தெரியக் கூடாது

"நான் திறந்து படிச்சேன்னு அனுப்பினவங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் சொல்லு."

தராஸ் நகரச் சந்தையில் கைப்பேசி பழுது பார்க்கும் இல்யார், பெரியவர் தொக்தார் நீட்டியதை வாங்கிச் சட்டையில் துடைத்தான். நாற்காலியைக் காட்டினான். அவர் உட்காரவில்லை.

"என்ன அக்சகால்," என்று பெரியவர்களுக்கான மரியாதைச் சொல்லால் அழைத்தான். "இந்த வயசுல காதல் கடிதமா?"

"பல்லை உடைப்பேன். யாரோ ஒரு வியாபாரி மெயில் அனுப்புறான். அதுல வேவு பார்க்கிற வேலையெல்லாம் நடக்குதுன்னு டிவியில சொன்னாங்க."

அனுப்புவது வியாபாரி இல்லை. மகள் அக்போத்தா. ஏழு தலைமுறைக்குள் உறவு இருந்தால் பெண் கொடுப்பதில்லை, எடுப்பதில்லை என்பது கசாக் குடும்பங்களின் கட்டுப்பாடு. அவளோ ஐந்தாவது பாட்டனில் ஒன்று சேரும் பங்காளி ஒருவனைக் கட்டிக்கொண்டு, நாட்டின் மறுகோடியில் கடலோரம் இருக்கிற அக்தாவுக்குப் போய்விட்டாள். "எனக்கு மகள் இல்லை" என்று தொக்தார் தெருவறியச் சொன்னார். உறவில் ஒருவரும் அவள் போனை எடுக்கக் கூடாது என்றார். எடுக்கவில்லை. அவர் சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது.

மெயில் மட்டும் வந்துகொண்டிருந்தது. கடல்காற்று, சமைத்த மீன், புதிதாக வளர்க்கும் நாய். ஒன்றிலும் அவள் பதில் கேட்டதில்லை. விடிகாலைத் தொழுகை முடிந்ததும் அவர் படிப்பார். பழையதையும் எடுத்துப் படிப்பார். அது வெளியே தெரிந்தால், தெருவறியச் சொன்ன சொல் என்னாவது?

"எழுத்தைப் படிக்காதே" என்று இல்யாரின் தோளுக்கு மேலே குனிந்து நின்றார்.

"எனக்கெதுக்கு ஐயா உங்க வியாபாரம்? ஆனா நீங்க கேட்டது சரிதான். ஒரு படம் ஒளிச்சு வெச்சிருக்கு. புள்ளி மாதிரி, கண்ணுக்கே தெரியாது. நீங்க மெயிலைத் திறந்தா அதுவும் இறங்கும். இறங்கினதும் அங்கே தகவல் போயிடும். எத்தனை மணிக்குத் திறந்தீங்க, எத்தனை தடவை திறந்தீங்க, எல்லாம்."

தொக்தாரின் காது சிவந்தது. "எத்தனை தடவைங்கிறதுமா?"

"அதுவும்தான். ஏன், ரொம்பத் தடவையோ?"

"வாயை மூடிட்டு அதை நிறுத்து."

பெற்றவனையே வேவு பார்க்கிறாளா! வளர்த்த லட்சணம்!

இல்யார் அமைப்பை மாற்றிக் கொடுத்தான். "இனிமே படம் தானா இறங்காது. நீங்க பாட்டுக்குப் படிங்க. அங்கே ஒரு துப்பும் கிடைக்காது."

அதன் பிறகு அவர் கூச்சமில்லாமல் படித்தார். ஆனால் மெயில்கள் குறுகிக்கொண்டே வந்தன. முதன்முறையாக அவள் பதில் கேட்டாள். 'உடம்பு நல்லா இருக்கா அப்பா?' என்று ஒன்று. 'ஒரு வார்த்தை போதும்' என்று ஒன்று. கடைசியாக வந்ததில் 'அப்பா' என்பது மட்டுமே இருந்தது. அதையும் படித்துவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். வேவு பார்க்க முடியாத எரிச்சல் என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு மத்தியானம், அவருடைய தங்கை குலாஷ் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தெருவில் ஒப்பாரி கேட்டது.

"யார் வீட்டுல சாவு?"

குலாஷ் சன்னலில் எட்டிப் பார்த்தாள். "அண்ணே... நம்ம வாசல்லதான் அழறாங்க."

டாக்ஸியிலிருந்து இறங்கி, கறுப்பு முக்காடு போட்டு, கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள் அக்போத்தா. சாவு வீட்டுக்கு வரும் மகள் அழவேண்டிய முறைப்படி அழுதாள். "என் மலை சாஞ்சுதே! முகத்தைக்கூடப் பார்க்க விடலையே!"

பக்கத்து வீடுகளின் கதவுகள் திறந்தன.

தொக்தார் வாசலில் போய் நின்றார். ஒப்பாரி பாதியில் அறுந்தது.

"அப்பா!" ஓர் அடி முன்னே வைத்தாள். "இருக்கீங்களா? தினம் விடிகாலையில என் மெயிலைத் திறப்பீங்களே, எனக்குத் தெரியும்ப்பா. பதிலே வேணாம், அது போதும்னு இருந்தேன். திடீர்னு நின்னு போச்சு. எல்லாருக்கும் போன் பண்ணேன், ஒருத்தரும் எடுக்கலை. எனக்குச் சொல்லாமலே அடக்கம் பண்ணிட்டாங்கன்னு..."

தெருவே காதைக் கொடுத்து நின்றது. தொக்தார் முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"எதைத் திறந்தேன்? நீ அனுப்பின எதையும் நான் பார்த்ததே இல்லை."

அக்போத்தா அவரையே பார்த்தாள்.

"அப்போ அதை நிறுத்தினது சாவு இல்லையா? நீங்கதானாப்பா?"

நழுவியிருந்த கறுப்பு முக்காட்டை இழுத்து இறுகக் கட்டிக்கொண்டாள். பிறகு, விட்ட இடத்திலிருந்து ஒப்பாரியைத் தொடர்ந்தபடியே போய் டாக்ஸியில் ஏறினாள்.