ஒரே ஒரு கறுப்புக் கோலி

2006-ல் ஆரணி ஃப்ரீமேசன் லாட்ஜ் என்ற சகோதரச் சங்கத்தில் மிஞ்சியது ஆறே பேர். ஏழு பேர் இல்லாமல் கூட்டம் நடத்த முடியாது. அதனால்தான் தலைவர் லோகநாதன் பட்டுக்கடையைக்கூடப் பூட்டிவிட்டு, பழத்தட்டோடு டாக்டர் நெடுஞ்செழியன் வீட்டுக்குப் போனார்.

"நீங்க நம்ம சங்கத்துல சேரணும் டாக்டர். அண்ணன் தம்பியா பழகிகினு இருக்கற இடம்."

"பத்து வருஷம் முன்னாடி நானே வந்து கேட்டேன். வேணாம்னுட்டீங்களே."

லோகநாதன் நெளிந்தார். புதிதாக ஒருவரைச் சேர்க்க, உறுப்பினர்கள் யாருக்கும் தெரியாமல் பெட்டிக்குள் ஆளுக்கொரு கோலி போட வேண்டும். வெள்ளை என்றால் சம்மதம். ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் ஆள் வெளியே.

"யாரோ ஒருத்தன் கறுப்பு போட்டுட்டான் டாக்டர். பொட்டியைத் திறந்து பாத்த பழைய தலைவரே ஒரு கறுப்புன்னுதான் சொன்னாரு. என் புள்ளைங்க மேல சத்தியமா நான் வெள்ளைதான் போட்டேன்."

மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த டாக்டருடைய அப்பா தருமன் கண்ணாடியைக் கழற்றினார். லாட்ஜில் இருபது வருஷம் வாட்ச்மேனாக இருந்தவர்.

"கூட்டம் முடிஞ்சதும் பொட்டியைக் கொட்டி எடுத்து வெக்கிறது என் வேலைதானுங்களே. அன்னிக்கும் நான்தான் கொட்டினேன். பதினாலு கோலி. பதினாலும் கறுப்புங்க."

லோகநாதன் தலைகுனிந்தபடி வாசலுக்கு வந்தார். அந்த ஒரே கறுப்புக் கோலி தான் போட்டதுதான் என்று பத்து வருஷமாக உள்ளுக்குள் குமைந்துகொண்டிருந்தவருக்கு, செருப்பை மாட்டும்போது அப்பாடா என்றிருந்தது.