கதவைப் பார்க்கும் பெண்கள்

லண்டன் கிளார்க்கன்வெல் பட்டறை மாடியில், சூளையிலிருந்து எடுத்த பைக்கடிகாரத்தின் தங்க மூடி மேசையில் மெல்ல ஆறுகிறது. அதன் எனாமல் பூச்சில் பட்டறையில் வேலை செய்யும் டார்கஸ் மாதக்கணக்கில் மயிரிழைத் தூரிகையால் தீட்டிய நீல உடுப்புக்காரி ஒருத்தி பளபளவென்று விழித்திருக்கிறாள். இந்த ஜோடி மூடிகள் முடிந்தால் டார்கஸ் ஊருக்குப் போகலாம் என்பது முதலாளி க்ரிம்ஷா கொடுத்த வாக்கு. அவர் வாயில் வாக்கு வருவதே அபூர்வம். தெருவில், அவளை அழைத்துப்போக வந்த அண்ணன் ஏமஸின் வண்டிக் குதிரை குளம்பைத் தட்டித் தட்டி அலுத்துக்கொள்கிறது. அவள் மேலங்கிகூட மாட்டியாயிற்று. முன்பே முடிந்த முதல் மூடியை முதலாளி எடுத்து வந்து இதன் பக்கத்தில் வைக்கிறார். ஜன்னல் வெளிச்சம் இரண்டின் மேலும் வழிகிறது. அவர் முகம் கறுக்கிறது.

“ஏம்மா, சீனாக்காரன் ஜோடியாத்தான் வாங்குவான், தெரியாதா? கண்ணாடியில பார்த்த மாதிரி ஒருத்திய ஒருத்தி பார்க்கணும். இவளுங்க ரெண்டு பேரும் ஒரே பக்கமா பார்க்குறாளுங்களே!”

டார்கஸ் குனிந்து பார்க்கிறாள். இரண்டு பெண்களும் வலப்பக்கம் பார்க்கிறார்கள். அவள் உட்காரும் இடத்துக்கு வலப்பக்கம்தான் கதவு.

“அழிச்சிரலாமா ஐயா?”

“நெருப்புல வெந்தது அழியுமா? வேற மூடி எடு.”

“டார்கஸ்! வர்றியா, நான் கெளம்பட்டுமா?” என்று கீழேயிருந்து ஏமஸ் கத்துகிறான்.

அவள் மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, தூரிகையை எடுத்து நாக்கில் கூராக்குகிறாள். வண்டிச் சத்தம் தெருமுனையில் தேய்கிறது. இந்த முறை அந்தப் பெண் கதவுக்கு முதுகைக் காட்ட வேண்டும்.