கிரேன் இல்லாத துறைமுகம்

வெற்றி நாணயங்களைப் போருக்கு முன்பே அடித்து வைத்துக்கொள்ளும் வழக்கம் வந்தபின், கோயம்புத்தூரில் நாணய அச்சு செதுக்கும் கோதைநாயகிக்கு வேலை குறைந்ததே இல்லை. எந்த நாடு எந்த ஊரைப் பிடிக்கும் என்று கணிப்பு சொன்னதும் ஆர்டர் வந்துவிடும். மாதிரிக்கு எல்லோரும் ஒரே பழைய ரோமானிய வெள்ளிக்காசைத்தான் அனுப்புவார்கள். அதில் தோற்ற ஊர் ஒரு பெண்ணாகத் தலைகவிழ்ந்து தரையில் உட்கார்ந்திருக்கும்.

இந்த முறை வந்த ஆர்டரில் இருந்த துறைமுக ஊரின் பெயர் மெரூசா. கோதைநாயகியின் தம்பி இளமாறன் அந்தத் துறைமுகத்தில்தான் கிரேன் ஓட்டுகிறான். அவன் எப்போதோ அனுப்பிய போட்டோவைப் பார்த்து, பெண்ணுக்குப் பின்னால் கிரேனையும் வரைந்து வாடிக்கையாளருக்கு அனுப்பினாள். ஆர்டரைப் பற்றி வெளியே பேசினால் வேலை போய்விடும். ஆனாலும் மனசு கேட்காமல் அவனைக் கூப்பிட்டாள்.

"உடனே கிளம்பி வந்துருடா."

"போன வருசமும் இதையேதான் சொன்னே. அப்புறம் சண்டையே வரல, அடிச்ச காசையெல்லாம் உருக்கிட்டாங்கன்னு நீதானேக்கா சிரிச்சே?"

அது உண்மைதான். கொஞ்சம் ஆறுதலோடு போனை வைத்தாள்.

மறுநாள் காலை வாடிக்கையாளரிடமிருந்து திருத்தம் வந்தது.

"அச்சு இன்றே தேவை. பெண் நன்றாக வந்திருக்கிறாள். கிரேனை மட்டும் எடுத்துவிடவும். அது அங்கே இருக்காது."

உடனே தம்பியை மறுபடி கூப்பிட்டாள். வெகுநேரம் மணி அடித்தபின் எடுத்தான். காற்று இரைந்தது.

"மேல இருக்கேன்க்கா. ஷிப்ட் முடிஞ்சு இறங்கினதும் பேசறேன்."